அழகும் அன்பும்

(சங்கரன்கோவிலில் பேசியதன் சாரம்)



அழகு வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. கண்ணுள்ளவர்களுக்கு அழகு பிடிக்கத்தான் செய்யும். ஆனால் ஆயுள் முழுதும் கூடவாழ வேண்டிய துணையை, கேசரியும் பஜ்ஜியும் தின்று முடிப்பதற்குள் தோலைப் பார்த்துத் தீர்மானிப்பது அறிவுக்குப் பொருத்தமா என்பதே நமது கேள்வி.

மாடு வாங்குகிறவன்கூட ஏரில் பூட்டி நடக்கவிட்டுப் பார்க்கிறான். பெண் பார்க்கப் போகிறவனோ நிறத்தைப் பார்க்கிறான். கறுப்பென்றால் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்துவிடுகிறான். அல்லது பத்துப் பவுன் கூடக் கேட்கிறான். வரதட்சணை குற்றமென்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. அது கிடக்கட்டும், பத்துப் பவுனைக் கண்டதும் கறுப்பு வெளுத்துவிடுமா? அவனுக்கு வேண்டியது அழகுமல்ல, பணம் என்பது விளங்கவில்லையா?

இவ்வூர்ச் சங்கரநாராயணரில் பாதி நாராயணர். அவருக்குக் கருமேனி என்று புராணக்காரர்களே சொல்லுகிறார்கள். ஆடித்தபசன்று அவ்வுருவைக் காண முண்டியடிப்பவர்கள், வீட்டுக்கு வரும் மருமகள் மாத்திரம் கறுப்பாயிருக்கக் கூடாதென்கிறார்கள்! மண் கறுப்பென்று கரிசலில் பருத்தி விதைக்காமல் விட்டவர் உண்டா? தோலைக் கறுப்பாக்கும் மெலனின் என்ற பொருள், வெயிலின் கெடுதியிலிருந்து உடலைக் காக்கிறது. இந்த வெயில் நாட்டில் அது நமக்கு இயற்கை தந்த குடையாகும். 1975 முதல் 'பேர் அண்ட் லவ்லி' என்று முகப்பசை விற்ற கம்பெனியே, 2020-ல் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. நாம் மாத்திரம் கலியாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிறோம்.

தோழர்களே! அழகு எத்தனை நாளைக்கு? ஒரு நோயோ, ஒரு விபத்தோ, நாலு பிள்ளைப்பேறோ போதும். ஒன்றுமில்லாவிட்டாலும் வயது விடாது. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது நிறமல்ல, அன்பு. வேலை போய் வெறுங்கையோடு வீடு வரும் புருஷனைக் கேவலமாய்ப் பேசாதிருப்பதும், மனைவி களைத்தபோது அடுப்படிக்குப் புருஷன் போவதும் அன்பின் அடையாளங்கள். இவற்றை அரைமணி நேரத்தில் எந்தக் கண்ணாடியாலும் காட்ட முடியாது.

துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டுமென்று 1929-லேயே செங்கல்பட்டு மாநாட்டில் பேசப்பட்டது. புரோகிதரில்லாத திருமணத்தை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் செல்லுபடியாக்கியது. சட்டம் வந்தது, நம் புத்தி வரவில்லை.

ஆகையால் பெற்றோர்களே, பிள்ளைகளைப் பலமுறை சந்தித்துப் பேச விடுங்கள். கோபத்தையும் குணத்தையும் அவர்களே அறியட்டும். முதலில் பெண்ணிடம் "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவளை நிறம் பார்க்க நிறுத்தி வைப்பது இன்றோடு ஒழியட்டும்.