ஒன்பது அழைப்புகள்



பட்டம் பெறும் தாதியரே, நான் மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லயத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் டிரசர் ஐயா சைக்கிளில் வந்துவிடுவார். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவரிடம் மருந்து இருந்தது. மனசு நொந்து கிடந்தவர்கள் திருநீறு பூசிக்கொண்டு மறுநாளும் மரம் சீவப் போனார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட, எத்தனையோ பெரியவர்கள் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கையில் ஒரு கைப்பேசி மட்டும். 2019-ல் மலேசியாவில் வயது வந்தவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ல் அது 4.6 ஆனது; ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர். தூரத்திலிருந்தே இவர்களைக் கவனிக்க உதவக்கூடிய தொலைமருத்துவச் சட்டத்தை நாம் 1997-லேயே நிறைவேற்றினோம். அது அமலுக்கு வராமலே ஆண்டுகள் ஓடின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

காணொளி ஆலோசனை, செயலி, செயற்கை நுண்ணறிவு என்று தொலைவழி மனநல ஆய்வுகள் இன்று எங்கெங்கோ போகின்றன. எல்லாவற்றையும் படியுங்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரு பழைய ஆய்வைத்தான். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி, 2008-ல் வெளியிட்டது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2. அழைத்தவர்களில் தாதியரும் இருந்தார்கள்.

ஒரு கிளினிக்கில் என் கண்முன் நடந்தது இது. ஒன்பது கேள்விகள் கொண்ட மனநலப் படிவத்தை ஒரு பாட்டியிடம் மலாயில் வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "தாக் அடா", இல்லை, என்றார். மதிப்பெண் பூஜ்யம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் இளம் தாதி ஒருத்தி அவருக்குப் போன் போட்டாள். லைன் கிடைப்பதற்காகப் பாட்டி மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "பாட்டி, இன்னைக்கு என்ன சமைச்சீங்க?" என்றாள். வெகுநேரம் சத்தமே இல்லை. அவள் போனை வைக்கவில்லை. "யாருக்கும்மா சமைக்கறது? மூணு நாளா ஒலை வைக்கல" என்றார் பாட்டி.

நம் ஆட்கள் மனச்சோர்வு என்று சொல்லமாட்டார்கள். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை என்பார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் காது உங்களுக்கு வீட்டிலேயே வாய்த்திருக்கிறது. கல்லூரியில் தமிழை ஒதுக்கி வைத்திருந்தால், வேலைக்குப் போகும் நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது வீட்டுக்கு அனுப்பும்போது, அடுத்து அழைக்கவேண்டிய தேதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தத் தேதியில் அழையுங்கள். போலீஸ் வரும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அது இனிக் குற்றமில்லை, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-ல் நீக்கிவிட்டார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அதை அவர்கள் வீட்டுக் காலண்டரில் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு வாருங்கள்.