பெயர்ப்பலகை போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும்



பால்வெட்டுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வது நம் தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஆயாவையும் நாம் அறிவோம். ஆனால், உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளை வாலிபப் பருவம் எய்திய பின், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளின்றி, பட்டணத்து இல்லமொன்றில் சேர்க்கும் பெற்றோரும் உளர். அவ்வில்லம் நம் கண்ணுக்கு எட்டாதது. அங்கே சட்டத்தின் கண் இருத்தல் வேண்டும்.

அதற்கென உள்ளதே 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டம். நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம், அரசாங்கமே நடத்துவது நீங்கலாக, சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டணம் வாங்கினாலும், தருமத்திற்காக நடத்தினாலும் விதி ஒன்றே.

“பிள்ளைக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டது, இனி எந்தச் சட்டம் கேட்கப் போகிறது?” எனச் சிலர் எண்ணுகின்றனர். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கே உரியது என்பது உண்மை. ஆயினும், பராமரிப்பு நிலையச் சட்டம் வயதைப் பார்ப்பதில்லை. தங்கியிருப்போரின் எண்ணிக்கையையே பார்க்கிறது. ஆகவே, 20 வயது மகனும் 25 வயது மகளும் அதன் பாதுகாப்புக்கு உரியவர்களே.

பதிவு என்பது வெறும் காகிதமன்று. தீயணைப்பு, சுகாதார இலாகாக்களும் ஊராட்சி மன்றமும் கட்டடத்தைப் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழியுண்டா, சமையற்கட்டு துப்புரவாக உள்ளதா என்பனவெல்லாம் அப்போது கவனிக்கப்படுகின்றன. ஓட இயலாத பிள்ளைக்குத் திறக்கும் கதவு ஒன்று இருப்பது உயிர்ப் பிரச்சினையன்றோ? பதிவுக்குப் பின்னரும் இலாகா அதிகாரிகள் உட்சென்று சோதனையிடலாம்.

ஆதலால், பிள்ளையைச் சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். அதிலுள்ள பெயரும் முகவரியும் அந்த இல்லத்திற்கு உரியவையா, காலக்கெடு முடிந்துவிட்டதா எனப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர், வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். “படித்தவர் நடத்தும் இடம், நாம் எப்படிக் கேட்பது?” எனத் தயங்க வேண்டா. சேர்த்த பின்னரும் அடிக்கடி சென்று பாருங்கள். ஐயம் எழுந்தால் மாவட்டச் சமூகநல அலுவலகத்திலோ, 15999 என்னும் அரசாங்க உதவித் தொலைபேசியிலோ தெரிவியுங்கள்.

தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல இயலாத பிள்ளைக்குப் பெற்றோரின் வாயே வாய். கேட்பது உங்கள் உரிமை, கடமையும் அதுவே.