'ஓ.கே.'யும் நம் 'சரி'யும்



பின்னலாடை நகராகிய திருப்பூரில் நாள்தோறும் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று 'ஓ.கே.' என்பது. மாதிரி ஆடை 'ஓ.கே.' ஆனால்தான் துணி வெட்டு மேசைக்கு ஏறும். சாயத்தின் நிறம் 'ஓ.கே.' ஆனால்தான் மொத்தத் துணியும் சாயத்தொட்டியில் இறங்கும். ஈரெழுத்துச் சொல்லை நம்பிப் பெரும் முதல் நகர்கிறது.

இத்துணை மதிப்புடைய சொல் பிறந்ததோ வேடிக்கையில். 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளர்கள், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளால் சுருக்கி விளையாடினர். 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்றெழுதி, 'ஓ.கே.' எனச் சுருக்கினர். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சேறியது. மறு ஆண்டுத் தேர்தலில், கிண்டர்ஹூக் என்னும் ஊரில் பிறந்த குடியரசுத் தலைவர் வான் பியூரனை அவர் ஆதரவாளர்கள் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என அழைத்து, 'ஓ.கே.' கழகம் கண்டனர். அவர் தோற்றார், சொல் வென்றது. இவ்வரலாற்றை 1963–64இல் சான்றுகளுடன் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர்.

நம் 'சரி'யும் இதே வழியில் நடந்திருப்பது வியப்பு. சரிபாதி, சரிநிகர், சரிபார்த்தல் என்பவற்றில் அது ஒப்பையும் பிழையின்மையையும் குறிக்கிறது. விடையாக வரும்போது உடன்பாடாகிறது. கன்னடத்தில் 'சரி', தெலுங்கில் 'சரே', மலையாளத்தில் 'ஶரி' எனத் தென்மொழிகள் அதனைப் பகிர்ந்து கொள்கின்றன. 'ஆகும்' என்பது இடை குறைந்து 'ஆம்' ஆயிற்று. கொங்கு மக்கள் 'ஆகட்டுங்க' என்னும்போது, உடன்பாட்டோடு பணிவும் கலந்து வருகிறது.

ஆனால், உடன்பாட்டுச் சொல் எல்லாம் உடன்பாடாகுமா? கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என மரபு போற்றும் பவணந்தி முனிவர், நன்னூலில் விடைகளை எட்டாக வகுத்தார். 'இது செய்வாயா?' என்ற வினாவுக்குச் 'செய்வேன்' என்பது நேர்விடை. 'உடம்பு நொந்தது' என்பது உற்றது உரைத்தல். 'உடம்பு நோகும்' என்பது உறுவது கூறல். இவ்விரண்டும் மறுப்பைக் குறிப்பால் உணர்த்துவன.

'இன்னும் நான்கு மணி நேரம் நின்று தைத்துக் கொடுக்கிறாயா?' என்று இரவில் கேட்டால், தையல் தொழிலாளி 'ஓ.கே.' என்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழருக்கும் நமக்கும் பொதுவான சொல் அது. வடிவில் அது நேர்விடைதான். வேலை போய்விடுமே என்ற அச்சம் அதனைச் சொல்ல வைத்திருக்குமாயின், உள்ளே ஒலிப்பது 'உடம்பு நோகும்' என்பதன்றோ?

மாதிரி ஆடையின் 'ஓ.கே.'யை, அளவு நாடா கொண்டு தையல் தையலாகச் சோதித்த பின்பே ஏற்கிறோம். மனிதர் சொல்லும் 'ஓ.கே.'யைக் கேட்ட அளவில் ஏற்றுக்கொள்கிறோம். 'இல்லை' என்று சொல்ல உரிமையுள்ள இடத்தில்தான் 'சரி' என்பது முழுச்சொல் ஆகும். எட்டு விடையையும் அஞ்சாது சொல்லும் நிலை நம் தொழிற்கூடங்களில் அமைவதாக!