பைப்புல அடைச்ச காத்து

வழக்கமா இங்க வேலை, கோடிங், சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டு மொட்டை மாடியில நடந்த ஒரு விஷயத்தைப் பேசப் போறேன். எட்டு வருஷமா இதை வெளியில சொன்னதில்ல. சம்பந்தப்பட்ட தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லுண்ணே, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னான்.

இப்ப ஏன் சொல்றேன்னா, 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல நடந்ததைப் பார்த்திருப்பீங்க. கார்பைடு கன். பிளாஸ்டிக் பைப்பு, ஒரு லைட்டர், கொஞ்சம் கால்சியம் கார்பைடு. நூத்தம்பது, இருநூறு ரூபாய்க்குத் தெருவுல வித்திருக்காங்க. ரீல்ஸ் பார்த்து வாங்கின பசங்கதான் அதிகம். போபால்லயும் சுத்தி இருக்கிற ஊர்கள்லயும் நூறு பேருக்கு மேல கண்ணுல காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சில குழந்தைங்களுக்குப் பார்வையே போச்சு. அந்த வீடியோவைப் பார்த்ததும் நான் முதல்ல போன் போட்டது தம்பிக்குத்தான்.

நமக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். வீடு நாகல் நகர் பக்கம். சித்தப்பாவுக்கு வேடசந்தூர் போற வழியில ரெண்டு ஏக்கர், மக்காச்சோளம். நம்ம பக்கம் விவசாயம் பண்றவங்களுக்குத் தெரியும், மயில் இறங்குச்சுன்னா காடு காலி. தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்துல உச்சப் பாதுகாப்புல இருக்கு, தொடவும் கூடாது. சித்தப்பா தகரத்தைத் தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போயிருந்தார்.

2017, மே மாசம். நான் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் முடிச்சிருந்தேன். ஆமா, மெக்கானிக்கல் படிச்சிட்டு கோடு எழுதுற கூட்டத்துல நானும் ஒருத்தன். சித்தப்பா பையன் எட்டாவது முடிச்சிட்டு லீவுக்கு வந்திருந்தான். காத்தை அடைச்சு 'டப்'புனு விடுற மாதிரி ஒண்ணு செஞ்சா மயில் பறந்துடும்னு எனக்கு ஒரு யோசனை. நிஜத்தைச் சொல்லணும்னா மயில் ஒரு சாக்கு. எனக்கு ஏர்கன் செய்யணும், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடையில பைப்பு, மூடி, பசை எல்லாம் வாங்கினேன். எதை எதோட சேர்த்தேன்னு சொல்ல மாட்டேன். ஏன்னு முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கே புரியும்.

பைப்பு மேல '6 கிலோ'னு அச்சடிச்சிருந்துச்சு. நான் பெரிய இன்ஜினியர் இல்லையா, கணக்கு போட்டேன். 'ஆறு தாங்கும், நாம நாலோட நிறுத்திக்குவோம், போதுமான மார்ஜின்.' மத்தியானம் ரெண்டு மணி. பைப்பு காலையில இருந்து வெயில்ல கிடந்துச்சு. தம்பி சைக்கிள் பம்ப்ல அடிக்கிறான், நான் பக்கத்துல குனிஞ்சு மீட்டரைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். முள்ளு நாலைத் தொடுது.

சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. லாரி டயர் வெடிச்ச மாதிரி. அப்புறம் காதுக்குள்ள 'ஙொய்ய்'னு. என் பவர் கண்ணாடியில ஒரு பக்கம் ஆழமா ஒரு கீறல். தம்பிக்குக் கண்ணாடி கிடையாது. இடது கண்ணை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தான். விரல் இடுக்குல ரத்தம்.

இப்ப அந்த '6 கிலோ'வுக்கு வருவோம். அந்த எண் பொய் இல்ல. ஆனா எதுக்கான எண்னு நான் கேக்கவே இல்ல. இந்த வகை பிவிசி பைப்புக்கு இந்தியத் தர நிர்ணய எண் ஐஎஸ் 4985. அதோட தலைப்பே குடிநீர் விநியோகத்துக்கான குழாய்னுதான் இருக்கும். அந்த அழுத்தமும் 27 டிகிரி செல்சியஸுக்குச் சொன்னது. சூடு ஏற ஏற தாங்குற அளவு குறையும். திண்டுக்கல் மே மாசத்து மொட்டை மாடியில 27 டிகிரியை எங்க போய்த் தேடுறது?

அதைவிட முக்கியம், தண்ணிக்கும் காத்துக்கும் உள்ள வித்தியாசம். தண்ணியை அமுக்க முடியாது. அதனால தண்ணி நிரம்பின குழாய் உடைஞ்சா கொஞ்சம் பீச்சும், உடனே அழுத்தம் விழுந்துடும். காத்து அப்படி இல்ல, அமுக்கின ஸ்பிரிங் மாதிரி. எங்ககிட்ட இருந்தது சுமார் 2 லிட்டர். அதுல நாலு கிலோ அழுத்தத்துக்குக் காத்து அடைச்சா சேர்ற ஆற்றல் ஏறக்குறைய 800 ஜூல். ஒரு கிலோ கல்லை 80 மீட்டர் உயரத்துல இருந்து போடுற மாதிரி, கிட்டத்தட்ட இருபத்தஞ்சு மாடி. அதே குழாய், அதே அழுத்தம், உள்ள தண்ணின்னா? ஒரு ஜூல்ல பத்துல ஒரு பங்குகூட வராது. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். மீட்டர் ரெண்டுக்கும் ஒரே நாலைத்தான் காட்டும். பிளம்பர்கள் லைனைத் தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்றதுல இந்தப் பாதுகாப்பும் இருக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். இந்தக் கணக்கை விபத்துக்கு அப்புறம்தான் போட்டேன்.

இதை உலகம் எப்பவோ கத்துக்கிட்டிருக்கு. அமெரிக்காவுல தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கிற ஓஷா அமைப்பு, தரைக்கு மேல போற காத்து லைனுக்கு பிவிசி வேண்டாம்னு 1988-லயே எச்சரிச்சது. அதுக்கும் முன்னாடி, 1780 வாக்குல ஆஸ்திரியப் படை ஜிராண்டோனி ஏர் ரைஃபிளைப் பயன்படுத்துச்சு. அதுல காத்து அடைச்ச கலன் இரும்பு. ஒரு ராஜ்யத்தோட ஆயுதப் பட்டறைக்கே அந்தக் கலனைக் கசியாம செய்யறது பெரும்பாடு. நான் அரைமணி நேரத்துல பசை தடவி முடிச்சிட்டேன்.

எங்க தெருவுல பூட்டு வேலை செய்யற ஒரு அண்ணாச்சி இருந்தார். சிதறிக் கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னார்: "இரும்புன்னா வளையும் தம்பி, பிதுங்கும், நமக்குத் தெரிஞ்சிடும். இது சில்லு சில்லாத்தான் போகும்." காலேஜ்ல 'பிரிட்டில் ஃபெயிலியர்'னு படிச்சதை அன்னைக்குத்தான் கையில பிடிச்சுப் பார்த்தேன்.

ஆனா நான் பண்ணின பெரிய தப்பு பைப்பு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆட்டோவுல, தம்பி காதுல சொன்னேன்: "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு." அப்பாவுக்குப் பயம், சித்திக்குப் பயம், போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு பயம். அவன் அப்படியே சொன்னான். டாக்டர் நாலு தையல் போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு அனுப்பிட்டார். பிளாஸ்டிக் சில்லு உலோகம் மாதிரி எக்ஸ்ரேயில பளிச்சுனு தெரியாது. அப்படி ஒண்ணு உள்ள இருக்கும்னு தேடவும் அவருக்குக் காரணமே இல்ல, நாங்கதான் பொய் சொல்லிட்டோமே.

பத்தாவது நாள் கண்ணு வீங்கிடுச்சு. ராத்திரி சித்தி அழுதுக்கிட்டே அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பதான் டாக்டர்கிட்ட நிஜத்தைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. "முதல் நாளே சொல்லியிருந்தா இந்தப் பத்து நாள் அவன் வலியில இருந்திருக்க மாட்டான்"னு மட்டும் சொன்னார். இமைக்குள்ள இருந்து அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு எடுத்தாங்க. பார்வை தப்பிச்சது. தழும்பு இன்னும் இருக்கு. தம்பி அதைப் பத்திப் பேச மாட்டான். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்க்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2016 ஆயுத விதிகள்படி முகப்பு ஆற்றல் 20 ஜூலையோ, துளை 0.177 அங்குலத்தையோ தாண்டின ஏர்கன்னுக்கு உரிமம் வேணும். 0.177 அங்குலம்னா வெறும் நாலரை மில்லிமீட்டர். அரை இன்ச் பைப்பே அதைத் தாண்டிடும். உரிமம் இல்லாம ஆயுதம் தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 'சும்மா விளையாட்டுக்கு'ன்னு சொன்னா எடுபடாது. சுடணும்னு நிஜமாவே ஆசை இருந்தா ரைஃபிள் கிளப்புக்குப் போங்க, முறையா சொல்லித் தருவாங்க.

கடைசியா, கண்ணுல அடிபட்டா என்ன செய்யணும்? தேய்க்காதீங்க. உள்ள குத்தியிருக்கிறதைப் பிடுங்காதீங்க. அழுத்தாம ஒரு பேப்பர் கப்பை மேல மூடிக்கிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போங்க. கார்பைடு, சுண்ணாம்பு மாதிரி ரசாயனம் பட்டிருந்தா மட்டும் முதல்ல நல்ல தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும், அப்புறம் ஆஸ்பத்திரி. எதுவா இருந்தாலும் என்ன நடந்துச்சோ அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வீட்டுல வாங்குற திட்டு ரெண்டு நாள்ல ஆறிடும்.

உங்க வீட்டுல பைப்பும் பம்ப்பும் வெச்சு எதையோ செஞ்சுக்கிட்டிருக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா, திட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து அந்த 800 ஜூல் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. எனக்கு யாராவது அன்னைக்கு அதைப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பத்திரமா இருங்க.