அலையேறிச் செல்லும் மருத்துவம்: தேனியும் தோ பாயோவும்



ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்திருக்கும் இவ்வரங்கில், கம்பியில்லா வலையமைப்பின் செயல்திறனையும் தொலைமருத்துவத்தையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். மொழிக்கெனக் கூடிய அவையில் இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தொலைவில் இருக்கும் நோயாளியின் நிலையை மருத்துவர் அறிய வேண்டுமாயின், இரண்டு பொருள்கள் பழுதின்றி அவரை அடைய வேண்டும். ஒன்று படம், மற்றொன்று பேச்சு. படத்தைக் கொண்டு சேர்ப்பது பொறியியலாளரின் பொறுப்பு. பேச்சைக் கொண்டு சேர்ப்பதில் அவருக்கு மட்டுமன்றி உங்களுக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். இதனை விளக்கத் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து உலகம் அறிந்த நிறுவனமாயிற்று. ஆயினும் சிற்றூர் மக்களுள் பலர் மருத்துவமனைப் படியேறுவதில்லை. காரணம் அறியாமை மட்டுமன்று. கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி நகரத்துக்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவரும் தம் கூலியை இழக்க வேண்டும். இத்தனை செலவுக்குப் பின், "உங்களுக்குக் கண்ணாடி போதும்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவதற்காக யார் போவார்? கண் முகாம்கள் ஊர்தோறும் நடந்தன. ஆனால் முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். கண் அழுத்த நோயோ ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட வேண்டியது.

ஆதலின் சிறு நகரங்களில் பார்வை மையங்களை அமைத்தனர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, ஒரு கேமரா, ஒரு கணினி ஆகியவற்றைக் கொண்டது ஒரு மையம். மருத்துவர் தேனியில் இருப்பார். நோயாளியைத் திரையில் கண்டு, இரண்டு வினாக்கள் கேட்டு, முடிவு சொல்வார். இதற்குத் தேவையானது ஊருக்கும் நகரத்துக்கும் இடையே தடையற்ற ஓர் இணைப்பு. இக்கதையின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

2000களின் தொடக்கத்தில் இத்தகைய இணைப்பு எளிதிற் கிட்டுவதன்று. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை சில ஊர்களில் இருந்தது. மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரத்துக் கணினி நிலையங்களிலிருந்து கண்ணின் படங்களை அதன்வழி அரவிந்துக்கு அனுப்பினர். அசையாப் படத்துக்கு அது போதும். முகம் பார்த்துப் பேசப் போதாது. மற்றொரு வழி செயற்கைக்கோள். ஆந்திரத்தின் அரகொண்டா சிற்றூரில் அப்பல்லோ மருத்துவமனை 2000இல் தொலைமருத்துவத்தைத் தொடங்கியது. பின்னர் இஸ்ரோ பல மருத்துவமனைகளைச் செயற்கைக்கோளால் இணைத்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஒரு சொல் ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். வினாவும் விடையும் சேர்ந்தால் அரை நொடி. இருவர் பேச்சும் இடறிக்கொள்ள இது போதும். செலவோ சிறு மையம் தாங்கக்கூடியதன்று.

அப்போது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், எரிக் புரூவர் தலைமையில் வளரும் நாடுகளுக்கான தொழில்நுட்பத்தை ஆராய்ந்த குழு ஒன்று அரவிந்துடன் இணைந்தது. ரபின் பத்ரா, செர்ஜியு நெதெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் முதலியோர் அதில் பணியாற்றினர். அவர்கள் தெரிந்தெடுத்த கருவி நம் வீடுகளில் இருக்கும் அதே வைஃபைதான். விலை குறைவு என்பதே அதன் முதற் சிறப்பு. ஒரே திசையில் அலையைக் குவிக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, 24 முதல் 42 மீட்டர் வரை உயரமுள்ள கோபுரங்களை எழுப்பினர். ஓரிடத்தில் புதிய கோபுரம் கட்டாமல், நெசவாலை ஒன்றின் புகைபோக்கியிலேயே கருவியை ஏற்றிவிட்டனர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பணமில்லாத இடத்தில் நல்ல பொறியியல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அப்புகைபோக்கி சான்று. இணைப்புகளின் நீளம் ஒரு கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை.

அலை தடையின்றிச் சென்று சேர்ந்தது. ஆயினும் நீண்ட இணைப்புகளில் தரவு எதிர்பார்த்த அளவு செல்லவில்லை. பிழை அலையில் இல்லை. வைஃபையின் உரையாடல் விதிகளில் இருந்தது. அவ்விதிகள் ஓர் அறைக்குள் இருக்கும் கருவிகளுக்காக எழுதப்பட்டவை.

ஒரு கருவி ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பியதும், "பெற்றேன்" என்ற மறுமொழிக்காகக் காத்திருக்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோ நொடி ஆகும். மறுமொழி திரும்ப இன்னொரு 50. ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது நமக்கு ஒன்றுமில்லை. அறைக்கென அமைந்த கருவிக்கோ அது நெடுங்காலம். அது பொறுமையிழந்து, பொட்டலம் தொலைந்தது என முடிவு செய்து, மீண்டும் அனுப்பும். மறுமுனை அதனை முன்னரே பெற்றிருக்கும். கேட்டவர் தலையசைத்தும், அது கண்ணில் படுமுன் அதே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்பவரைப் போன்ற நிலை இது.

வைஃபைக்கு இன்னொரு நற்பழக்கம் உண்டு. பேசுமுன் வேறு யாரும் பேசுகிறார்களா என்று செவிகொடுக்கும். அறையில் இது நாகரிகம். 15 கிலோமீட்டருக்கு அப்பால், மறுமுனை பேசத் தொடங்கிய ஒலி இங்கு வந்து சேருமுன் இங்கும் அமைதி என்றே தோன்றும். இருமுனையும் ஒருங்கே பேசும். இரண்டும் மோதி அழியும். ஒரே கோபுரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் வெவ்வேறு திசை நோக்கி இருந்தாலும், ஒன்று முழங்கும்போது அருகிலுள்ள மற்றொன்றுக்குக் காது அடைத்துவிடும்.

தீர்வு என்ன? கம்பம் பள்ளத்தாக்கின் உழவரைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பர்: முறை வைக்க வேண்டும். நீர் போதாத காலத்தில் முறைப்பாசனம் செய்வது போல, நேரத்தைப் பங்கிட்டு, இந்த நேரம் உனக்கு, அடுத்த நேரம் எனக்கு என்று வகுத்தனர். ஒரு கோபுரத்தின் ஆன்டெனாக்கள் அனைத்தும் ஒன்றாகப் பேசும், ஒன்றாகக் கேட்கும். மூட்டைக்கு ஒரு சீட்டு எழுதாமல் வண்டிக்கு ஒரு சீட்டு எழுதுவது போல, பல பொட்டலங்களுக்கு ஒரே மறுமொழி போதும் என்றனர்.

இடையில் தொலைந்த பொட்டலங்களை மீட்க மற்றோர் உத்தியையும் சேர்த்தனர். 4, 7, 9 என்னும் மூன்று எண்களை அனுப்பும்போது, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20ஐயும் சேர்த்து அனுப்பினால், வழியில் 7 தொலைந்தாலும் பெற்றவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார். மிகையாகச் சொல்வது வீணன்று, அதுவே காப்பு. தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. "அவள் வந்தாள்" என்னும் தொடரில் பெண்பாலை எழுவாயும் சொல்கிறது, வினைமுற்றின் விகுதியும் சொல்கிறது. சந்தை இரைச்சலில் "அவள்" காதில் விழாவிட்டாலும் "வந்தாள்" அதனை மீட்டுத் தரும். பால் காட்டும் விகுதியைச் சுமையென்று அலுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இம்மாற்றங்களின் தொகுப்புக்கு வைல்ட்நெட் என்று பெயர். 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, பழைய விதிகளோடு ஒப்பிட இதனால் தரவுப் போக்கு இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. வன்பொருளை மாற்றவில்லை, பேசும் முறையை மட்டுமே மாற்றினர்.

பெரும்பாலான ஆராய்ச்சிகள் இந்த இடத்தில் கட்டுரை எழுதி விடைபெற்றுவிடும். இக்குழு அங்கேயே இருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையை முன்னதைக் காட்டிலும் உயர்வாக மதிக்கிறேன். வலையமைப்பு எதனால் நின்றுபோகிறது என்று பதிவு செய்தபோது, பெருங்குற்றவாளியாக வெளிப்பட்டது மின்சாரம். 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் சில நேரம் 1,000 வோல்ட் வரை பாய்ந்தது. மின்னழுத்தம் குறைந்தாலோ, கருவி முழுதும் அணையாமலும் முழுதும் இயங்காமலும் தத்தளித்து, நினைவகம் கெட்டுப்போகும். ஆகவே, அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் கருவியை அடியோடு துண்டிக்கும் எளிய மின்சுற்றைச் சேர்த்தனர். பழுதை உள்ளூர்ப் பணியாளரே கண்டறியப் பயிற்சியளித்தனர். அக்கட்டுரை வெளிவந்த 2008இல், மாதந்தோறும் ஏறத்தாழ 3,000 நோயாளிகள் காணொளி வழியே கண் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தனர்.

இனித் தோ பாயோவுக்கு வருவோம்.

பெருஞ்சதுப்பு என்று பொருள்படும் பெயர் கொண்ட இவ்விடம், 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நகராக எழுந்தது. இங்கே கோபுரம் எழுப்பத் தேவையில்லை, மின்சாரமும் தத்தளிப்பதில்லை. தேனியின் சிக்கல் தொலைவு. நம் சிக்கல் நெருக்கம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கிறது. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மேற்படாத தடங்கள் மூன்றே. மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு எல்லாம் அம்மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் பாட்டியின் படுக்கையறைக்கும் நடுவே கான்கிரீட் சுவர் வேறு.

விளம்பரங்கள் வேகத்தைச் சொல்லும். உரையாடலுக்கு முதன்மையானது வேகமன்று, தாமதம். ஒரு சொல் மறுமுனையை அடைய 150 மில்லி நொடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. அதற்கு மேல், அல்லது ஒரு கணம் குறைந்தும் மறுகணம் கூடியும் தாமதம் அலைபாய்ந்தால், மருத்துவர் கேட்டு முடிக்குமுன் நோயாளி பேசத் தொடங்குவார், இருவரும் நிறுத்துவர், மீண்டும் இருவரும் தொடங்குவர். மூன்றாம் முறை முதியவர் பேசுவதையே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று தலையசைக்கத் தொடங்குவார். செயல்திறன் குறித்த எந்த வரைபடத்திலும் அந்தத் தலையசைப்பு பதிவாவதில்லை. ரவுட்டருக்கு அருகே அமர்ந்து பேசுங்கள், அந்நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்க வேண்டாம் என்பதே என் எளிய மருந்துச்சீட்டு.

படத்தைப் பொறுத்தவரை நம் நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. 2010இல் தொடங்கிய நீரிழிவு விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தில், பலதுறை மருந்தகங்களில் எடுக்கப்படும் விழித்திரைப் படங்கள் ஆய்வு மையத்துக்கு அனுப்பப்பட்டு, பயிற்சி பெற்றோரால் தரம் பிரிக்கப்படுகின்றன. படம் பொறுமையுடையது. சிறிது காத்திருந்து முழுமையாகச் சென்று சேரும். பேச்சுக்கு அப்பொறுமை இல்லை.

வலையமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் பேச்சுக்கு நேரம் கொடுக்காவிட்டால் பயனில்லை என்பதையும் இங்கேயே கண்டோம். தொலைமருத்துவம் வழங்கிய ஒரு மருந்தகத்தில், 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள், ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோ நீடித்த ஆலோசனைகள் 100,000க்கு மேல் நடந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அலை குறைவறச் சென்றிருக்கும். சென்றது என்ன என்பதே கேள்வி.

தேனியில் நோயாளி, மையப் பணியாளர், மருத்துவர் மூவரும் தமிழில் பேசினர். அந்த வசதியைப் பொறியியலாளர் யாரும் அமைக்கவில்லை. அது அங்கே இருந்தது. இங்கே பாட்டி தமிழ் பேசுகிறார், மருத்துவர் ஆங்கிலம் பேசுகிறார், நடுவே கைப்பேசியைப் பிடித்திருப்பவர் பதினான்கு வயதுப் பேரன். அவனே இறுதி ஒரு மீட்டரின் ரவுட்டர்.

பாட்டி "நெஞ்சைக் கரிக்குது" என்றால் அது பெரும்பாலும் செரிமானக் கோளாறு. "நெஞ்சை அடைக்குது" என்றால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். பேரன் இரண்டையும் நெஞ்சுவலி என்றே மொழிபெயர்ப்பான். குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், உளைச்சல் ஐந்தும் அவன் வாயில் வலி என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். கிறுகிறுப்பும் மயக்கமும் வேறு என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. "ஒரு பக்கம் கை மரத்துப்போச்சு" என்பதைக் கேட்டு, மரத்துக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று அவன் விழிக்கும் நேரம், பக்கவாதமாக இருக்குமாயின், திரும்பக் கிடைக்காத நேரம். அப்போது காணொளி ஆலோசனையே கூடாது. உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

தமிழ் வகுப்பில் உடலுறுப்புகளின் பெயர்களை நாம் கற்பிக்கிறோம். உடல் படும் பாட்டின் பெயர்களைக் கற்பிப்பதில்லை. இவ்விடுமுறையில் உங்கள் மாணவர்களிடம் ஒரு பணியை ஒப்படையுங்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் அமர்ந்து, வலியைக் குறிக்க அவர் வழங்கும் சொற்களை எழுதிவரட்டும். ஒவ்வொன்றும் உடலில் எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் என்று அவரிடமே கேட்டுக் குறித்துவரட்டும். அவற்றை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்று வகுப்பில் கூடி முடிவு செய்யுங்கள். சொல் கிடைக்காத இடங்களில் பாட்டியின் சொல்லையே முதலில் சொல்லி, பிறகு விளக்கட்டும். உங்களிடம் ஏற்கெனவே அத்தகைய சொற்கள் இருப்பின், உரைக்குப் பின் என்னிடமும் சொல்லுங்கள். நானும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.