நடராஜர் தூக்கிய கால் எது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏ.ஐ. வந்துட்டதே, டிசைன் தொழில் இனி நிக்குமா? இதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் விஞ்ஞானி இல்லை. சிவகாசியில் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று 35 வருஷத்துக்கும் மேலாக டிசைன் செய்து பிழைக்கிறவன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1989-ல் நான் பிரஸ்ஸில் சேர்ந்தபோது டிசைன் என்றால் கத்தி, பசை, ஸ்கேல். எழுத்தை புரோமைடில் எடுத்து, வெட்டி, கோணாமல் ஒட்டணும். சாமி படத்துக்கு ஓவியர் வேணும். கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு பூஜை அறையில் தொங்கின. அப்புறம் பேஜ்மேக்கர் வந்தது, கோரல்டிரா வந்தது, போட்டோஷாப் வந்தது. ஒட்டுகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் பழகினார்கள். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனாலும் அன்றைக்கு மாறியது கருவிதான். படத்தை யோசித்தது மனுஷன். 2022-ல் மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் வந்தபோது அதுவும் மாறியது. வாயால் சொன்னால் படம் வந்து நிற்கிறது. 2023-ல் அடோபி நிறுவனம் போட்டோஷாப்புக்குள்ளேயே இந்த வித்தையை வைத்துவிட்டது.

எங்கள் கடையில் ஒரு தம்பி 11 வருஷம் வேலை பார்த்தான். போட்டோவில் பின்னணியை வெட்டி எடுப்பது, பழைய படத்தில் கீறலைச் சரி செய்வது அவன் வேலை. ஒரு பட்டுச்சேலை மாடலின் தலைமுடியை வெட்டி எடுக்க அரை நாள் ஆகும். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அவனை நான் அனுப்பவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வேலை குறைந்தது, நான் சம்பளம் ஏற்றவில்லை, அவனே போய்விட்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இதற்கு அனுப்பியது என்றுதான் பெயர்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஜவுளிக்கடை காலண்டர். சிதம்பரம் நடராஜர் வேண்டும் என்றார்கள். ஓவியருக்குக் கொடுத்தால் பத்து நாள் ஆகும், பணமும் கூட. நான் ஏ.ஐ.யில் எடுத்தேன். ஜடையில் ஒளி, திருவாசியில் நெருப்பு, அப்படியே மெய் மறக்கும் படம். 3000 காப்பி அச்சாகிப் போனது. கடைக்காரரின் அப்பா, எண்பது தாண்டியவர், கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இவரு வலது காலைத் தூக்கியிருக்காரு. இது மதுரை வெள்ளியம்பலத்து நடராஜர். சிதம்பரத்தில இடது கால்தானே?"

எனக்கு வியர்த்துவிட்டது. மதுரையில் கால் மாறி ஆடிய கதை எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான். படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது, நானும் அதே வேகத்தில் ஓ.கே. சொன்னேன். பேப்பர், பிளேட், அச்சுக்கூலி எல்லாம் என் தலையில். அந்தத் தம்பி இருந்திருந்தால், படத்தைப் பெரிசாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறவன், முதல் நாளே "அண்ணாச்சி, கால் மாறியிருக்கு" என்று சொல்லியிருப்பான். வெட்டுகிற வேலையோடு இந்தப் பார்க்கிற வேலையையும் அவன் செய்துகொண்டிருந்தான். அதற்கு நான் தனியாகச் சம்பளம் போட்டதில்லை. அதனால் அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது வாடிக்கையாளரே செல்போனில் படம் செய்துகொண்டு வருகிறார். "எல்லாம் ரெடி, நீங்க எழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்கிறார். 1024 புள்ளி அகலமுள்ள படத்தை 300 டி.பி.ஐ.யில் அச்சடித்தால் மூன்றரை அங்குலம்கூட வராது. செல்போனில் மின்னுகிற பச்சை நான்கு மையில் மங்கிப்போகும். அதிலேயே தமிழையும் எழுதச் சொல்லியிருந்தால் துணைக்கால் ஒரு பக்கம், ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம். இதையெல்லாம் விளக்கினால், நான் காசுக்காகக் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த இயந்திரங்கள் படித்தது இன்டர்நெட்டில் கிடந்த மற்றவர்களின் படங்களை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர்கள் 3 பேர் இதற்காக வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதம் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி உருவாக்கிய படங்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் விஷயத்தில் முடிவு சொன்னது. வழக்கு விவகாரம் எனக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் ஆயுசெல்லாம் வரைந்தவனைக் கேட்காமல் எடுத்தது தப்பு என்பது புரிகிறது. அதைத் தினமும் நானும் பயன்படுத்துகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

போன மாதம் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். திரும்பி வா என்றேன். "ஆட்டோவுக்குத் தவணை ஓடுது அண்ணாச்சி, நீங்க எத்தனை வருஷத்துக்கு உறுதி சொல்லுவீங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

மாணவர்களே, ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடணும். எனக்கு இரண்டு பேர் வேணும். சாஃப்ட்வேர் நான் சொல்லித் தருகிறேன். சாமி படத்தை நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், டிபன் நேரத்தில் என்னை வந்து பாருங்கள்.