கல்லூரியா, களமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகின்றது. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கூடைப்பந்துப் பெரும்போட்டி அப்போதுதான் முடிந்திருக்கும். பத்தொன்பது அல்லது இருபது வயதுடைய இளைஞர் ஒருவர் தம் அறையில் அமர்ந்து, படிப்பை முடித்துவிட்டுச் செல்வதா, இப்பொழுதே சென்றுவிடுவதா என்று எண்ணிக்கொண்டிருப்பார். பட்டம் பெற இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். தொழில்முறை ஆட்டமோ இப்பொழுதே அழைக்கும். தாய் ஒன்று சொல்வார். பயிற்சியாசிரியர் வேறொன்று சொல்வார். ஒப்பந்தம் பேசித் தரும் முகவர் மற்றொன்று சொல்வார். முடிவு செய்ய வேண்டியவரோ அந்த இளைஞர் ஒருவரே.

தொலைவிலிருந்து நோக்கும் நமக்கு இதற்கு விடை எளிது போலத் தோன்றும். கல்விக்கு நிகரான செல்வம் வேறில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, படிப்பை இடையில் விடுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட நம் மனம் விரைகின்றது. ஆனால், இந்த வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதன் கணக்கு என்ன என்பவற்றை அறிந்த பின்னர், நம் தீர்ப்பைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கூடைப்பந்து கல்விக்கூடத்தில் பிறந்த ஆட்டம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே ஆடுவதற்கென்று இதை வகுத்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைச் சுவரின் உயரத்தில் பொருத்தியதனால் அப்பெயர் வந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் வாலிபர் சங்க உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். எனவே, இவ்வாட்டம் நமக்கும் அந்நியமானதன்று. அமெரிக்காவிலோ அது விரைவிலேயே கல்லூரிகளின் பெருமைக்குரிய ஆட்டமாகிவிட்டது. ஆடுகிறவர் மாணவர், அவர் பெறுவது உபகாரச் சம்பளம் மட்டுமே, ஊதியம் பெற்றால் அவர் கல்லூரிக் களத்தில் ஆட இயலாது. 'அமெச்சூர்' என்னும் சொல் அங்கே ஏறத்தாழ ஓர் அறநெறியாகவே போற்றப்பட்டது.

பின்னர்த் தொழில்முறைக் குழுக்கள் எழுந்தன. 1946-இல் தோன்றி, 1949 முதல் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் என்று பெயர் பெற்ற அமைப்பு, ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகும்வரை எவரையும் சேர்ப்பதில்லை என்பதே அது. கல்லூரிகளுக்கு அது நன்மை. குழுக்களுக்கும் நன்மை, ஏனெனில் செலவின்றிப் பழக்கப்பட்ட ஆட்டக்காரர் அவர்களுக்குக் கிடைத்தனர். ஆட்டக்காரரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற வில்ட் சேம்பர்லின் 1958-இல் ஓராண்டு முன்னதாகவே கல்லூரியை விட்டபோது, சங்கத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் ஓராண்டுக் காலம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் காட்சிக் குழுவில் ஆடிவிட்டு, 1959-இல்தான் பிலடெல்பியாக் குழுவில் சேர்ந்தார்.

இந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி எடுத்துப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1968-இல் மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் தங்கம் வென்ற குழுவில் ஆடினார். மறு ஆண்டே, இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்போடு, அப்போது போட்டியாக எழுந்திருந்த அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் சேர்ந்தார். வறுமையில் வாடும் குடும்பத்தைக் காக்க வேண்டியவர் என்னும் காரணத்தால் அவருக்கு விலக்களிக்கப்பட்டது. 1970-இல் அவர் தேசியச் சங்கத்தைச் சேர்ந்த சியாட்டில் குழுவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது வழக்கு மூண்டது. உழைக்கும் திறன் உடைய ஒருவரை முதலாளிகள் கூடிப் பேசி விலக்கி வைப்பது, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்துக்கு மாறானது என்பது அவர் தரப்பு வாதம். 1971 மார்ச் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமான ஆணை பிறந்தது. வழக்கு பின்னர்ச் சமரசத்தில் முடிந்தது. சங்கம் முதலில் வறுமையைக் காட்டுவோருக்கு மட்டும் வழிவிட்டது. 1976 முதல், விரும்பும் மாணவர் எவரும் காரணம் காட்டாமலே வரலாம் என்றாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்லூரியை விட்டுச் செல்லும் உரிமை ஆடம்பரத்துக்காகக் கேட்கப்பட்டதன்று. பசித்த வீட்டின் பொருட்டுக் கேட்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் பொறுத்திரு என்று சொல்வது, பொறுத்திருக்க வசதி உள்ளவனுக்கு அறிவுரை. வசதி இல்லாதவனுக்கு அது தண்டனை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தேசியச் சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. அவை ஆண்டுக்கு ஒரு முறை கூடி, இரண்டு சுற்றுக்களில், புதிய ஆட்டக்காரர் ஏறத்தாழ 60 பேரை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதனை 'டிராஃப்ட்' என்பர். முதற்சுற்றில் தேர்வானவருக்கு இரண்டு ஆண்டு ஊதியம் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் குழுவின் விருப்பத்தைப் பொறுத்தவை. அண்மை ஆண்டுகளில், முதலிடம் பெற்றவருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு கோடி டாலருக்கு மேலும், முப்பதாமவருக்கு 20 லட்சம் டாலருக்கு மேலும் கிடைக்கின்றது. இரண்டாம் சுற்றினருக்கோ இத்தகைய உறுதி விதியில் இல்லை. அவர் குழுவின் நல்லெண்ணத்தை நம்பி நிற்க வேண்டும். சில வேளை இளநிலைத் தொடரில், சில பதினாயிரம் டாலர் சம்பளத்தில், காலங்கழிக்க நேரும்.

இதற்கொரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த சத்னாம் சிங், 2010-இல் பதினான்கு வயதில் பயிற்சிக்காக ஃபுளோரிடாவுக்குச் சென்றார். 2015-இல், கல்லூரியில் ஆடாமலே, தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். டல்லாஸ் குழு அவரை 52-ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது. அவ்வாறு தேர்வான முதல் இந்தியர் என்று நாம் மகிழ்ந்தோம். ஆயினும், தேசியச் சங்கத்தின் ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இளநிலைத் தொடரோடு நின்றுவிட்டது. தேர்வாவது வேறு, நிலைபெறுவது வேறு.

மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதனிலைக் கல்லூரிகள் 350-க்கு மேற்பட்டவை. கல்லூரிக்குப் பன்னிரண்டு பேர் என்று கொண்டாலும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் ஆடுகின்றனர். தேர்வுக்குரிய இடங்களோ அறுபது. அவற்றிலும் சில ஐரோப்பா முதலிய அயல் நாட்டாருக்குச் செல்கின்றன. ஆகவே, இந்தக் கேள்வி உண்மையாகவே எழ வேண்டியது மிகச் சிலருக்குத்தான். துயரம் யாதெனில், அது மிகப் பலருக்கு எழுந்துவிடுகின்றது.

முதற்சுற்றில் இடம் உறுதி என்னும் நிலையில் உள்ளவருக்குக் கணக்கு வேறு. முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. அதன் பின்னரே ஆட்டக்காரர் தம் விலையைத் தாமே பேச இயலும். பத்தொன்பதில் சேர்ந்தவருக்கு அவ்வாய்ப்பு இருபத்து மூன்றில் வருகின்றது. பட்டம் பெற்று இருபத்திரண்டில் சேர்ந்தவருக்கு இருபத்தாறில் வருகின்றது. ஆக, கல்லூரியில் தங்கும் ஓராண்டின் விலை அவ்வாண்டின் ஊதியம் மட்டுமன்று. உடல் வலுவோடிருக்கும் காலத்திலிருந்து பேரம் பேசும் ஆண்டு ஒன்று குறைகின்றது. வக்கீலோ வைத்தியரோ அறுபது வயதிலும் தொழில் நடத்தலாம். பந்தாடுகிறவரின் தொழில் முப்பத்தைந்து வயதளவில் முடிந்துவிடும். முழங்கால் ஒத்துழைக்காவிடில் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

2019 பிப்ரவரி மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூரலாம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜயன் வில்லியம்சன், அவ்வாண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர். வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன், ஓடுகையில் அவருடைய காலணி பிளந்தது. முழங்கால் சுளுக்கிக் கீழே விழுந்தார். அரங்கம் நிறைந்திருந்தது, தொலைக்காட்சி வழியே கோடிக்கணக்கான டாலர் புழங்கியது, விழுந்தவருக்கு மட்டும் ஊதியம் இல்லை. நல்வாய்ப்பாக அவர் சில வாரங்களில் மீண்டு வந்து, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதலிடத்தில் தேர்வானார். முழங்கால் முறிந்திருந்தால், கல்லூரி அவருக்கு எதைத் திருப்பித் தந்திருக்க முடியும் என்று அந்நாட்டில் பலரும் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே.

அப்படியாயின், கல்லூரியில் தங்குவோர் அறியாதவரா? அல்லர். கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் பிறந்த டிம் டங்கன், பதினான்கு வயது நிறையும் தருணத்தில் தாயை இழந்தார். பட்டம் பெறுவதாகத் தாய்க்கு வாக்களித்திருந்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் முன்னதாகவே வருமாறு உலகம் அழைத்தது. அவர் நான்கு ஆண்டுகளும் தங்கி, உளவியலில் பட்டம் பெற்று, 1997-இல் முதலிடத்தில் தேர்வானார். பின்னர் ஒரே குழுவில் பத்தொன்பது பருவங்கள் ஆடி, ஐந்து முறை வெற்றிக் கோப்பை பெற்றார். 2006-இல் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் வெற்றி பெற்றதும், அதன் ஆட்டக்காரர் நோவா, ஹார்ஃபர்டு, புரூவர் ஆகிய மூவரும் உடனே சென்றிருக்கலாம். மேலும் ஓராண்டு ஒன்றாக ஆட விரும்பித் தங்கினர், 2007-இலும் வென்றனர், மூவரும் அவ்வாண்டுத் தேர்வில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தனர். தோழமைக்கும் வாக்குறுதிக்கும் கணக்கேட்டில் பத்தி இல்லை. ஆயினும் அவை வாழ்க்கையில் இடம் பெற்றவையே.

சென்றுவிட்டவர் அனைவரும் கல்வியைத் துறந்தவர் என்பதும் பிழை. மைக்கேல் ஜார்டன் 1984-இல் மூன்று ஆண்டுப் படிப்போடு சென்று, விடுமுறைகளில் பயின்று, 1986-இல் பட்டத்தை முடித்தார். 1992-இல் லூசியானாப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்ற ஷகீல் ஓனீல், 2000-இல் அங்கேயே பட்டம் பெற்றார். 2012-இல் வேறொரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். நூலகம் இருபது ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருக்கும். பருவம் தவறிய கால்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை.

இதற்கிடையே சட்டங்கள் பல மாறின. 1995-இல் கெவின் கார்னெட், 1996-இல் கோபி பிரையன்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ் எனப் பள்ளியிலிருந்தே நேராகச் சென்றவர் சிலர் பெரும்புகழ் பெற்றனர்; அவ்வாறு சென்று ஒளி மங்கியவரும் உண்டு. 2005-இல் குழு உரிமையாளரும் ஆட்டக்காரர் சங்கமும் கூடிப் புதிய விதி செய்தனர். பத்தொன்பது வயது ஆகவேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டேனும் கழிந்திருக்க வேண்டும். அதன் பயனாக, கல்லூரியில் ஓராண்டு மட்டும் தங்கிச் செல்லும் வழக்கம் பரவிற்று. கல்விக்காகத் தோன்றிய விடுதி, சிலருக்கு வழிப்போக்கர் சத்திரமாயிற்று.

அதனினும் பெரிய மாறுதல் 2021-இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல், மாணவ ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருளீட்டலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் இசைந்தது. 2025 ஜூலை முதல், ஒரு நீதிமன்றச் சமரசத்தின்படி, கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்றாயிற்று. ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதலாண்டில் ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் வரையில் பகிர்ந்தளிக்கலாம். விளைவு உடனே தெரிந்தது. 2021-இல் தேர்வுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர் 353 பேர். 2025-இல் 106 பேர். நூறாண்டு அறிவுரை சாதிக்காததைச் சில ஆண்டு ஊதியம் சாதித்துவிட்டது. இளைஞர் வெறுத்தது கல்வியையன்று. பிறர் பொருளீட்டத் தாம் வெறுங்கையோடு ஆடுவதையே வெறுத்தனர் என்பது இதனால் விளங்குகின்றது. ஆயினும், பணத்துக்காகத் தங்குவதும் படிப்பதும் ஒன்றாகிவிடா. பணம் தரும் கல்லூரியை நாடி ஆண்டுக்கொரு கல்லூரி மாறும் மாணவர் இன்று பலர். வாசலில் நிறுத்திவிட்டோம், வகுப்பில் அமர்த்திவிட்டோமா என்பது வேறு கேள்வி.

இவையனைத்தையும் கண்ட பின், அந்த விடுதி அறையில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு நாம் என்ன சொல்வோம்? போ என்றும் சொல்லோம். இரு என்றும் சொல்லோம். உன் இடம் எது என்பதை முதலில் உண்மையாக அறிந்துகொள் என்போம். அதற்கு இப்பொழுது வழியும் உண்டு. 2016 முதல், மாணவர் தேர்வுக்குப் பெயர் கொடுத்து, குழுக்களின் முன் ஆடிக் காட்டி, அவர்களின் கருத்தைக் கேட்டறிந்து, குறித்த நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றுக் கல்லூரிக்கே மீளலாம். புகழ்கின்றவர் சொல்லை விட, பணம் கொடுக்கப் போகின்றவர் சொல்லே இவ்விடத்தில் நம்பத்தக்கது. முதற்சுற்று உறுதியெனில், ஏழை வீட்டுப் பிள்ளை போவதில் குற்றமில்லை. உறுதியில்லையெனில், தங்குவதில் கோழைத்தனம் இல்லை.

கல்லூரிகளுக்கு நாம் சொல்வதும் ஒன்று உண்டு. போகின்றவனைத் தடுப்பதைவிட, திரும்பி வருகின்றவனுக்குக் கதவைத் திறந்து வைப்பதே கல்விக்கூடத்துக்கு அழகு. இருபது வயதில் எடுத்த முடிவு ஒருவனுடைய வாழ்நாள் முழுவதற்கும் இறுதித் தீர்ப்பாகிவிடலாகாது. களத்திலிருந்து முப்பது வயதில் களைத்து வருகின்றவனுக்கும் வகுப்பறையில் ஓர் இருக்கை காத்திருக்குமானால், கல்லூரியா, களமா என்னும் கேள்வி இந்த அளவுக்கு அச்சம் தருவதாக இராது.